கொடியேற்றத்தில் தொடங்கிய பள்ளம்

மாலை நான்கு மணி பத்து நிமிடம். கணினித் திரையில் முதலில் தெரிந்தது ஒரு பள்ளம். இடப்பக்கம் உயரத்தில் தொடங்கிய கோடு மெல்ல இறங்கி, நடுவில் சட்டென்று குழிந்து, பிறகு மேலேறி, மறுபடி மெல்ல இறங்கியது. என் மனைவி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, நின்றபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கலெக்டர் அலுவலகத்துக் குறைதீர் கூட்டத்திலிருந்து அப்போதுதான் திரும்பிய நான், தோளில் பையோடு அவள் பின்னால் போய் நின்றேன்.

"என்ன இது?"

"தெரியல. இருக்கக் கூடாது. ஆனா இருக்கு."

2008ஆம் ஆண்டு, டிசம்பர் கடைசி வாரம். நான் 1989இல் மாவட்டம் பிரிந்தபோது ஒரு தமிழ் நாளிதழின் நிருபராகத் திருவண்ணாமலைக்கு வந்தவன். பிற்பாடு கலெக்டர் அலுவலகம் ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் அமைந்ததும் நாங்களும் அங்கேயே குடிவந்தோம். என் மனைவி ஊருக்கு வெளியே இருந்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இயற்பியல் பாடம் எடுத்தாள். அதோடு சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் பகுதிநேர ஆய்வு மாணவி. அப்போது அவளுக்கு வயது முப்பத்தொன்பது. பதிவுக் காலம் இரண்டு முறை நீட்டிக்கப்பட்டுவிட்டது. மூன்றாம் முறை கிடையாது என்று எழுத்திலேயே சொல்லிவிட்டார்கள். ஜனவரியின் கடைசி வேலைநாளுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகும். அவளுடைய வழிகாட்டியான பேராசிரியை மே மாதம் ஓய்வு பெறுகிறார். அதற்குப் பிறகு படிப்பதென்றால் வேறு வழிகாட்டி, வேறு தலைப்பு, முதலிலிருந்து எல்லாம்.

தலைப்பை ஆங்கிலத்தில் சொன்னால் ஒரு வரி முழுக்க வரும். நான் செய்தி எழுதுகிறவன் என்பதால் நான்கு வரியில் சொல்லச் சொன்னேன். அவள் வாயால் சொல்லவில்லை. ரேடியோ ரிப்பேர் கடையிலிருந்து பழைய ஸ்பீக்கர்களின் வளையக் காந்தங்கள் இரண்டை வாங்கி வந்தாள். இரண்டையும் ஒரே முகம் மேலே இருக்கும்படி மேசையில் படுக்க வைத்து, ஒன்றை மற்றொன்றின் பக்கம் தள்ளினாள். தள்ளப்பட்டது விலகி ஓடியது. ஒரு காந்தத்தைத் தூக்கி மற்றொன்றின் தலைக்கு மேல் கொண்டுபோனாள். டக்கென்று ஒட்டிக்கொண்டது. பிரிப்பதற்குள் என் விரல் நசுங்கியது.

"பக்கத்துல பக்கத்துல இருந்தா தள்ளிக்கும். ஒண்ணு மேல ஒண்ணு வந்தா ஒட்டிக்கும். ஒட்டிக்கிச்சுன்னா போச்சு."

பிறகு மேசைக் கண்ணாடியை எடுத்துக் காந்தங்களுக்கு மேலே, அவற்றைத் தொட்டும் தொடாமலும் பிடித்தாள். இப்போது எவ்வளவு தள்ளினாலும் ஒன்று மற்றொன்றின் மேல் ஏற முடியவில்லை.

அவள் கணக்குப் போட்டது காந்தங்களுக்கு அல்ல. ஒரு முனையில் நேர் மின்னூட்டமும் மறுமுனையில் எதிர் மின்னூட்டமும் கொண்ட மூலக்கூறுகளுக்கு. அவற்றைத் தனிச்சுழி வெப்பநிலைக்கு, அதாவது இருக்கக்கூடிய கடைசிக் குளிருக்கு, மிக அருகே, ஒரு டிகிரியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவுக்குக் குளிர்விக்க வேண்டும். அந்தக் குளிரில் மூலக்கூறு ஒரு குண்டுமணி போல நடந்துகொள்ளாது, பரந்த அலையாகிவிடும். இரண்டு அலைகள் நெருங்கினால், சில சமயம் இரண்டு மூலக்கூறுகளும் சேர்ந்து வேறு பொருளாகிக் காணாமல் போகும். அதுதான் இழப்பு. மின்புலம் ஒன்றை வைத்து மூலக்கூறுகளையெல்லாம் செங்குத்தாக நிறுத்தி, லேசர் ஒளியால் அப்பளம் போன்ற மெல்லிய இடத்துக்குள் அடைத்தால், ஒன்று மேல் ஒன்று ஏற முடியாது. அப்போது இழப்பு எவ்வளவு குறையும்? மூலக்கூறின் இருமுனை வலிமையைக் கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும்? கேள்வி இவ்வளவுதான்.

"பௌர்ணமிக் கூட்டம் கிரிவலப் பாதையில நெருக்கிக்கிட்டுப் போற மாதிரின்னு எழுதலாமா?" என்று கேட்டேன்.

"எழுதலாம். தப்பா இருக்கும். அங்க இடிச்சாதான் ஆள் இருக்கறது தெரியும். இதுங்களுக்கு ரொம்ப தூரத்துலயே தெரியும்."

அந்த ஆண்டு தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு. எங்கள் பகுதியில் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை போகும். அட்டவணைக்கு வெளியே, முக்கியமாக இரவில், போவதும் உண்டு. கணினிக்கு ஒரு சிறிய பேட்டரி பெட்டி இருந்தது. அது பத்து நிமிடம் தாங்கும், பீப் பீப் என்று கத்தும், பிறகு அடங்கிவிடும். வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்க அந்தக் கணினி மணிக்கணக்கில் ஓட வேண்டும். பாதியில் நின்றால் அந்தப் புள்ளி போயிற்று, மறுபடி தொடக்கத்திலிருந்து. அதனால் காலை வெட்டு முடிந்து மாலை வெட்டு தொடங்குவதற்குள் ஒரு புள்ளி முடியும்படி அவள் வேலையை அமைத்துக்கொண்டாள். கல்லூரிக்குக் கிளம்பும் முன் எல்லாம் தயாராக வைத்துவிடுவாள். மின்சாரம் வந்ததும் பட்டனைத் தட்டுவது வீட்டில் இருப்பவர் பொறுப்பு. செய்தி சேகரிக்கப் போகும் வழியில் அதற்காகவே பல நாள் வீட்டுக்கு வந்து போயிருக்கிறேன்.

பள்ளம் தெரிந்த அன்று மாலையே அவள் வரைபடத்தைப் பேராசிரியைக்கு அனுப்பினாள். மறுநாள் அவர் தொலைபேசியில் பேசினார். எனக்குக் கேட்டது இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும்: "ஆமாம் மேடம்", "இல்ல மேடம், ரெண்டு தடவை பார்த்தேன்", "சரிங்க மேடம்." வைத்த பிறகு விவரம் சொன்னாள். ஒரு குறிப்பிட்ட வலிமையில் மட்டும் இழப்பு இப்படி விழுமானால் அது யாரும் இதுவரை சொல்லாத விஷயமாக இருக்கலாம். சோதனை செய்கிறவர்கள் அந்த இடத்தைத் தேடிப் போவார்கள். ஆய்வேட்டின் நான்காவது அத்தியாயம் அதுதான், மற்ற மூன்றும் அதற்கு முன்னுரை போல ஆகிவிடும் என்று அவர் சொன்னாராம். அவர் அவ்வளவு சந்தோஷமாகப் பேசி இவள் கேட்டதில்லை.

இவள் தன் துறைத் தலைவரிடம் ஒரு வார்த்தை சொன்னாள். துறைத் தலைவர் முதல்வரிடம் சொன்னார். இரண்டே நாளில் கல்லூரி வாசலுக்கென்று ஒரு ஃபிளெக்ஸ் பேனர் அச்சாகிவிட்டது. அதில் இவளுடைய பாஸ்போர்ட் அளவுப் படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கியிருந்தார்கள். பக்கத்தில் தீப்பிழம்பாக ஒரு பூமி உருண்டை. கல்லூரி நாளன்று கட்டுவதாகத் திட்டம். அதற்குள் விஷயம் எங்கள் வேலூர் அலுவலகம் வரைக்கும் போய்விட்டது. செய்தி ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "யோவ், நியூஸ வீட்டுலயே வச்சிக்கினு ஊரெல்லாம் சுத்திக்கினு இருக்கியே" என்றார். ஆய்வு இன்னும் முடியவில்லை என்றேன். முடிந்த பிறகு எழுத அது என்ன செய்தி என்றார்.

ஜனவரி முதல் வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் ஆருத்ரா தரிசனத்துக்கான முன்னோட்டச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். அவள் பள்ளத்தின் அடியில் இருந்த ஒரு புள்ளியை மட்டும் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். சந்தேகத்தால் அல்ல. ஆய்வேட்டில் அந்த ஒரு எண்ணைத் தனியாகக் குறிப்பிட வேண்டியிருந்ததால், எழுதுமுன் ஒரு முறை சரிபார்க்க நினைத்தாள். புள்ளி பள்ளத்தில் விழவில்லை. இரண்டு பக்க மேட்டுக்கும் நேராக, மேலே போய் நின்றது. மறுநாள் மறுபடி ஓட்டினாள். அதே இடம்.

 திரையிலிருந்து திரும்பாமலே கேட்டாள்.

"ஏங்க, போன மாசம் தீபத்துக்குக் கொடியேத்தம் என்னிக்கு?"

சொன்னேன். தீபத் திருவிழாவின் தேதிகள் எந்த நிருபருக்கும் மனப்பாடம்.

"தெப்பம் என்னிக்கு முடிஞ்சது?"

அதையும் சொன்னேன். அவள் திரையில் விரலை வைத்து, ஒவ்வொரு புள்ளியும் எந்தத் தேதியில் சேமிக்கப்பட்டது என்று பார்த்துக்கொண்டே வந்தாள்.

"பள்ளம் கொடியேத்தத்துல ஆரம்பிச்சு தெப்பத்தோட முடியுது."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

நடந்தது இதுதான். அவளுடைய நிரல் இரண்டு மூலக்கூறுகளையும் மிக அருகில் வைத்துத் தொடங்கி, அடி அடியாக விலக்கிக்கொண்டே போகும். ஒன்றின் இழுப்பும் தள்ளலும் மற்றொன்றை எட்டாத தொலைவு வந்ததும் நிறுத்திவிட்டு விடையைச் சொல்லும். அந்தத் தொலைவு எது என்று முடிவு செய்வது ஆய்வாளர். தொலைவு கூடினால் நேரமும் கூடும். ஆரம்பத்தில் அவள் வலிமை குறைந்த மூலக்கூறுகளை வைத்துச் சோதித்து, இரண்டு மின்வெட்டுகளுக்கு இடையே முடியக்கூடிய ஒரு தொலைவே போதும் என்று கண்டாள். அவற்றுக்கு அது போதும்தான். ஆனால் வலிமை கூடக் கூட, ஒன்று மற்றொன்றைத் தொலைவிலிருந்தே தொடுகிறது. அந்த விசை சீக்கிரம் தேய்வதில்லை. அவளுடைய நிரல், இரண்டும் இன்னும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கும் இடத்திலேயே கணக்கை முடித்து எழுந்துவிட்டது.

தீபத் திருவிழா நாட்களில் ஊரில் மின்சாரத்தை நிறுத்துவதில்லை. லட்சக்கணக்கான ஜனங்கள் வந்து போகும் ஊரை யாரும் இருட்டாக்க மாட்டார்கள். அந்த நாட்களில் அவள், மின்சாரம்தான் இருக்கிறதே என்று தொலைவைப் பல மடங்கு கூட்டி ஓட்டினாள். விடையின் கடைசி இலக்கங்கள் இன்னும் கொஞ்சம் துல்லியமாக வரும், அவ்வளவுதான் என்று நினைத்தாள். திருவிழா முடிந்து வெட்டு திரும்பியதும் பழைய தொலைவுக்கே திரும்பினாள்; ஞாயிறன்று மறுபடி ஓட்டியதும் அந்தத் தொலைவில்தான். எல்லாப் புள்ளிகளையும் கடைசியில் ஒரே வரைபடத்தில் சேர்த்தாள். மின்சாரம் நிற்காத ஊரில் கணக்குப் போடும் ஒருவருக்கு இந்தப் பள்ளம் கிடைத்திருக்காது.

"அப்போ பள்ளம் பொய்யா?" என்று கேட்டேன்.

"பள்ளத்துல இருக்கறதுதான் நிஜம். தூரம் ஜாஸ்தியானா தப்பு கம்மி ஆவும். ரெண்டு பக்க மேடும்தான் தப்பு."

அன்று மாலை பேராசிரியையிடம் தொலைபேசியில் சொன்னாள்.  அவர் கோபப்படாமல் பேசினார். நாள் இல்லை, நான்காவது அத்தியாயத்தை எடுத்துவிடலாம், மூன்று அத்தியாயத்தோடு கொடுத்தால் தேர்வாளர்கள் நல்லவர்களாக அமைந்தால் தேறிவிடலாம் என்றார். 

"இல்ல மேடம், மறுபடி போடறேன்" என்றாள். "எல்லாப் புள்ளியும்."

அவர் ஏதோ கேட்டார்.

"இருக்கற நாளுக்குள்ளதான் மேடம்."

அந்த நிரல் அவள் எழுதியதல்ல. பல பேர் கைமாறி வந்தது. இடையில் யார் யாரோ தங்கள் மொழியில் குறிப்பு எழுதி வைத்திருந்தார்கள். முதல் பக்கத்தில் ஒருவர், இதற்குக் கீழே எதையும் தொடாதே என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். ஆறு வருடம் அவள் தொடவில்லை. மின்சாரம் நிற்காத இடங்களில் இருந்தவர்கள் எழுதிய நிரல் என்பதால், பாதியில் நின்றால் என்ன செய்வது என்று அதற்குத் தெரியாது. அவள் அந்த இடத்தைப் பிரித்தாள். ஒவ்வொரு நூறு அடிக்கும் ஒரு முறை, இதுவரை வந்த நிலையை வன்தட்டில் எழுதி வை. மறுபடி தொடங்கும்போது எழுதி வைத்தது இருந்தால் அங்கிருந்து போ. சொல்ல எளிது. மூன்று நாள் ஆயிற்று.

சோதித்த விதம் எனக்கு மறக்காது. முதலில் ஒரு கணக்கைத் தடங்கலின்றி ஓடவிட்டு விடையைக் குறித்துக்கொண்டாள். பிறகு அதே கணக்கை ஓட்டி, நடுவில் கணினியின் பிளக்கைக் கையால் பிடுங்கினாள். நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"பயப்படாதீங்க. கரண்ட்டுக்காரங்க தினமும் செய்யறதுதான்."

திரும்பச் செருகி, தொடங்கி, ஓடவிட்டாள். விடை கடைசி இலக்கம் வரை பழைய விடையோடு ஒத்துப்போனது. திருப்திப்படாமல் இன்னொரு முறை, வேறொரு இடத்தில் பிடுங்கினாள். அதே விடை.

இனி மின்வெட்டு கணக்கைக் கெடுக்காது, தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ஆனால் தாமதத்துக்குத்தான் இடமில்லை. வீட்டில் இருந்த ஒரு கணினியில் ஓட்டினால் ஏப்ரலில் முடியும். கல்லூரிக் கணினிக்கூடத்தில் வரிசையாகக் கணினிகள் இருந்தன, பொங்கல் விடுமுறையில் அவை சும்மா கிடக்கும். சாவி முதல்வரிடம். முதல்வரிடம் பேனர்.

சாவி கேட்கப் போனபோது நானும் உடன் போனேன். கல்லூரி நாள் செய்திக்காக முதல்வர் என்னையும் வரச் சொல்லியிருந்தார். அவள் உட்காரும் முன்பே, "சார், அந்தக் கண்டுபிடிப்பு கிடையாது. என் கணக்குல தப்பு" என்றாள். முதல்வர் என்னைப் பார்த்தார். நான் மேசை மேல் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன்.

"மேடம், பள்ளம் இல்லைன்னாலும் வேற ஏதாச்சும் இருக்குமில்ல?"

"சரிவு இருக்கும் சார்."

"சரிவுன்னு எப்படிங்க பேனர் கட்டறது?" என்றார். பிறகு இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்து வைத்தார். "வாட்ச்மேன் ஊருக்குப் போறான். நீங்களே தொறந்து நீங்களே பூட்டிக்கங்க. ஏசி போடாதீங்க." பேனரைத் திருப்பிப் போட்டு, வெள்ளைப் பக்கம் மேலே தெரிய, சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கூரையாகக் கட்டிவிட்டார்கள்.

பொங்கல் அன்று காலை வீட்டில் படையல் முடித்துக்கொண்டு கல்லூரிக்குப் போனோம். ஒவ்வொரு கணினிக்கும் ஒரு புள்ளி. எனக்கு அவள் ஒரே ஒரு சொல் கற்றுக்கொடுத்தாள். மின்சாரம் வந்ததும் வரிசையாகப் போய் ஒவ்வொரு கணினியிலும் அந்தச் சொல்லைத் தட்டி என்டரை அழுத்த வேண்டும். வேறு எதையும் தொடக் கூடாது. மின்சாரம் போனால் கூடம் முழுக்க விசிறிகள் தளர்ந்து நிற்கும் சத்தம் கேட்கும். நாங்கள் வெளியே மரத்தடியில் உட்காருவோம். மாட்டுப் பொங்கலன்று சாலையில் கொம்புக்கு வண்ணம் பூசிய மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். அவள் டிபன் கேரியரின் ஒரு தட்டில் இருந்த சர்க்கரைப் பொங்கலைத் தின்றுகொண்டே, மறுகையால் மண்ணில் குச்சியால் எதையோ கழித்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். இத்தனை நாளில் இத்தனை புள்ளி வராது என்று தெரிந்ததும் பாதிப் புள்ளிகளை நீக்கினாள். இடைவெளி அதிகமானாலும் ஒவ்வொன்றும் போதிய தொலைவு போனதாக இருக்க வேண்டும், அதில் மட்டும் குறைக்க மாட்டேன் என்றாள். காணும் பொங்கலுக்கு என் தம்பி குடும்பம் சாத்தனூர் அணைக்குக் கூப்பிட்டது. நான் மட்டும் போய்த் தலைகாட்டிவிட்டு மாலை வெட்டு முடிவதற்குள் திரும்பினேன்.

விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த பிறகும், வகுப்பு இல்லாத நேரங்களில் மூன்று கணினிகளை விட்டுவைக்கச் சொல்லி வாங்கிக்கொண்டாள். கடைசிப் புள்ளி ஒரு வியாழக்கிழமை பிற்பகலில் வந்தது. வரைபடம் இடமிருந்து வலமாக ஒரே சரிவாக இறங்கியது. பழைய பள்ளத்தின் புள்ளிகள் அந்தச் சரிவின் நடுவில், எந்த விசேஷமும் இல்லாமல் உட்கார்ந்திருந்தன. வலிமை கூடக் கூட இழப்பு குறைகிறது. மெல்லிய இடத்தில் அடைபட்ட மூலக்கூறுகள் ஒன்றையொன்று தள்ளியே பிழைக்கின்றன. மற்றவர்கள் இப்படித்தான் இருக்கும் என்று எதிர்பார்த்ததும் அதுவே. இவளுடைய மூலக்கூறுக்கு, இவளுடைய தடிமனுக்கு, எண்கள் இவளுடையவை.

வேலூர் அலுவலகத்துக்கு நான் எதுவும் அனுப்பவில்லை. செய்தி ஆசிரியர் ஒரு முறை கேட்டார். கோடு சரிவாக வந்துவிட்டது என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

நான்காவது அத்தியாயத்தை அவள் ஆறு நாளில் எழுதினாள். சில புள்ளிகளுக்கு மட்டும் தொலைவு போதாமல் போனால் பொய்யான பள்ளம் ஒன்று தோன்றக்கூடும் என்று பின்னிணைப்பில் ஒரு பத்தி சேர்த்தாள். காரணமாக மின்வெட்டைக் குறிப்பிடவில்லை. பேராசிரியை அந்தப் பத்தியை எடுத்துவிடச் சொல்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் அதைப் பின்னிணைப்பிலிருந்து அத்தியாயத்துக்குள் கொண்டுவரச் சொன்னார்.

ஜனவரியின் கடைசி வேலைநாளுக்கு முந்தின நாள் விடியற்காலைப் பேருந்தில் சென்னைக்குப் போனோம். பல்கலைக்கழகத்துக்கு எதிரே இருந்த பைண்டிங் கடையில் பிரதிகள் தயாராகும்வரை நின்றோம். பசை முழுதும் காயவில்லை. பேராசிரியை தன் அறையில் ஒவ்வொரு பிரதியிலும் கையெழுத்துப் போட்டார். கடைசிப் பிரதியில் போடும்போது, பள்ளம் போனதில் வருத்தமா என்று கேட்டார்.

"இல்ல மேடம். தூக்கம் வருது."

தேர்வுப் பிரிவு அலுவலகம் மாடியில் இருந்தது. சாப்பாட்டு இடைவேளை முடிந்து சன்னல் திறந்தபோது எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். எங்கள் முறை வந்ததும் எழுத்தர் ஐந்து பிரதிகளையும் வாங்கி, முதல் பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, பதிவு எண்ணைக் கேட்டார். அவள் சொன்னாள். அவர் நான்கு பிரதிகளை உள்ளே வைத்துக்கொண்டு, ஐந்தாவதில் அன்றைய தேதியோடு 'பெறப்பட்டது' என்ற முத்திரையைக் குத்தித் திருப்பிக் கொடுத்தார்.